பிள்ளையை அனுப்புவதா, இல்லையா? பெற்றோர் மீது சுமத்தப்பட்ட தீர்மானம்

2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21 ஆம் திகதி வியாழக்கிழமையன்று, ஏறத்தாழ ஆறு மாத காலம் மூடப்பட்டிருந்த அரச பாடசாலைகளில் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டது. இருநூறுக்குக் குறைவான மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளுக்கே முதலில் அனுமதி வழங்கப்பட்டிருந்தது. பிள்ளையை அனுப்பிவைத்த பெற்றோரும் இருந்தனர். வாயில் வரை அழைத்து வந்து, வகுப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் திருப்பி அழைத்துச் சென்றவர்களும் இருந்தனர். சீருடையை எடுக்காமலே விட்டவர்களும் இருந்தனர். அதற்கு முந்திய இரவு இந்நாட்டின் இலட்சக்கணக்கான வீடுகளில் பேசப்பட்ட விடயம் ஒன்றேதான்: பிள்ளையை அனுப்புவதா, இல்லையா?

கொவிட் - 19 பெருந்தொற்று தணிந்து ஆண்டுகள் சில கடந்துவிட்ட நிலையில் அக்கேள்வியை இப்போது கிளறுவது எதற்காக என வாசகர்கள் வினவக்கூடும். இரண்டு காரணங்களை முன்வைக்க விரும்புகின்றோம். அந்நாட்களில் பாடசாலைக்குச் செல்லாதிருந்த பிள்ளைகள் இன்னமும் எமது வகுப்பறைகளிலேயே இருக்கின்றனர்; அவர்கள் இழந்தவற்றில் பெரும்பகுதி திருப்பி வழங்கப்படவில்லை. அத்துடன், பாடசாலைகள் திடீரென மூடப்படும் நிலை இந்நாட்டுக்குப் புதியதன்று, அது முடிந்துபோனதுமன்று. 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி ஏற்படுத்திய வெள்ளமும் மண்சரிவும் அவற்றை மீண்டும் மூடவைத்தன. காரணம் மாறலாம்; பெற்றோர் முன் நிற்கும் கேள்வி மாறுவதில்லை.

பெற்றோரின் அச்சம் குறித்தும் பொறுப்புக் குறித்தும் அன்று நிறையவே பேசப்பட்டது. ஆனால் பொறுப்புடன் தீர்மானிப்பதற்கு அவர்களுக்கு எவை தேவையாயிருந்தன, அவற்றுள் எவை அவர்களுக்குக் கிடைத்தன என்பது குறித்து மிகக் குறைவாகவே பேசப்பட்டது. இக்குறையையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

நடந்தவற்றை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது பயனுடையதாகும். உள்நாட்டில் முதலாவது இலங்கையர் தொற்றுக்குள்ளானமை 2020 மார்ச் 11 ஆம் திகதி உறுதிசெய்யப்பட்டது. மறுநாளே பாடசாலைகளை மூடும் அறிவித்தல் வெளியாகி, மார்ச் 13 ஆம் திகதி முதல் அவை மூடப்பட்டன. ஜூலை 6 ஆம் திகதி 5, 11, 13 ஆம் தரங்களுக்காகக் கதவுகள் திறந்தன. கந்தக்காடு கொத்தணியினால் ஒரு வாரத்திற்குள் மீண்டும் மூடப்பட்டன. ஓகஸ்ட் மாதத்தில் திறந்தவை, மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணியுடன் ஒக்டோபரில் மூடப்பட்டன. நவம்பர் 23 ஆம் திகதி மேல் மாகாணமும் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளும் தவிர்ந்த ஏனைய இடங்களில் 6 ஆம் தரத்திற்கு மேற்பட்டோருக்காகத் திறக்கப்பட்டன. ஆனால் அதே நாட்களிலேயே அக்கரைப்பற்றில் சந்தைக் கொத்தணியும், டிசெம்பரில் யாழ்ப்பாணத்தின் மருதனார்மடத்தில் மற்றொரு சந்தைக் கொத்தணியும் உருவாகின. 2021 ஜனவரி 11 ஆம் திகதி மேல் மாகாணத்திற்கு வெளியே ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளும் அழைக்கப்பட்டனர். ஏப்ரல் இறுதியில் அனைத்தும் மீண்டும் மூடப்பட்டன.

இவ்வாறு திறப்பதும் மூடுவதுமாகக் கழிந்த அக்காலத்தில், ஒவ்வொரு முறையும் அறிவித்தல் கொழும்பிலிருந்து வந்தது. தீர்மானமோ வீட்டிலேயே எடுக்கப்பட வேண்டியிருந்தது. 5 வயதிலிருந்து 16 வயது வரையிலான பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது 2016 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் சட்டப்படி கட்டாயமாகும். ஆயினும் பெருந்தொற்றுக் காலத்தில் அனுப்பாத பெற்றோர் தண்டிக்கப்படவில்லை, தண்டித்திருக்கவும் கூடாது. அதேவேளை, அனுப்பாதிருப்பது பெற்றோரின் உரிமை என்று எவரும் தெளிவாகக் கூறவுமில்லை. சட்டம் ஒன்றைச் சொல்ல, நடைமுறை வேறொன்றாக இருந்த அந்த இடைவெளியில் பெற்றோர் தனித்து விடப்பட்டனர் என்பதே உண்மையாகும்.

எமது பெற்றோர் ஆபத்தைக் கண்டதும் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடுபவர்கள் அல்லர். வடக்கு கிழக்கில் ஒரு தலைமுறை முழுவதுமே செல் வீச்சுக்களுக்கும் விமானத் தாக்குதல்களுக்கும் நடுவே பதுங்குகுழிகளை அருகில் வைத்துக்கொண்டு படித்தது. இடம்பெயர்ந்த இடங்களில் மரநிழல்களிலும் கொட்டில்களிலும் வகுப்புகள் நடைபெற்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், புத்தளத்தின் அகதி முகாம்களில் ஓலைக் குடிசைகளுக்குள் இருந்துகொண்டே தமது பிள்ளைகளைப் படிக்கவைத்தன. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் பாடசாலைகளே நலன்புரி நிலையங்களாக இருந்த போதும், சில வாரங்களுக்குள் கரையோரக் கிராமங்களின் பிள்ளைகள் புத்தகங்களைத் தேடத் தொடங்கிவிட்டனர். வேறு சொத்து எதுவும் மிஞ்சாத மக்களுக்குக் கல்வியே கையிலெடுத்துச் செல்லக்கூடிய ஒரே சொத்தாக இருந்தது.

அதேவேளை, கதவு திறந்திருந்தும் பிள்ளைகள் வராத ஒரு காலமும் எமது நினைவிலுண்டு. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர், மே 6 ஆம் திகதி 6 ஆம் தரத்திற்கு மேற்பட்ட வகுப்புகளுக்காகப் பாடசாலைகள் திறக்கப்பட்டபோது, நாடெங்கும் மாணவர் வரவு மிகக் குறைவாகவே காணப்பட்டது. பாதுகாப்பு உறுதிசெய்யப்பட்டுள்ளது என்ற அறிவித்தல்கள் பெற்றோரைத் திருப்திப்படுத்தவில்லை. பெற்றோர் தாமே வாயிலில் நின்று புத்தகப் பைகளைச் சோதனையிட்ட பின்னரே படிப்படியாக வகுப்பறைகள் நிரம்பின. பெற்றோர் உத்தரவை நம்பி அனுப்புவதில்லை. தாம் கண்ணால் கண்டதையும், தாம் பங்குகொண்ட ஏற்பாட்டையுமே நம்பி அனுப்புகின்றனர். இப்பாடத்தைக் கற்று ஓராண்டு நிறைவதற்குள் பெருந்தொற்று வந்து சேர்ந்தது. ஆனால் கற்ற பாடம் பயன்படுத்தப்படவில்லை.

யுத்த கால ஆபத்துக்கும் நோய்த் தொற்றுக்கும் அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. குண்டு விழும் இடத்திலிருந்து பிள்ளையை அப்புறப்படுத்த முடியும். தொற்றையோ பிள்ளை தன்னையறியாமலே வீட்டுக்குக் கொண்டுவரக்கூடும். கொவிட் - 19 சிறுவர்களைப் பெரும்பாலும் கடுமையாகத் தாக்கவில்லை என்பது 2020 ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகு அறிந்த விடயமாகும். ஆயின் எமது வீடுகளில் பிள்ளை தனித்து வாழ்வதில்லை. அம்மம்மாவும் உம்மும்மாவும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ள முதியவர்கள் பேரப்பிள்ளையைத் தம்மருகில் உறங்கவைத்துக்கொள்கின்றனர். தோட்டப்புற லயன் அறையொன்றில் மூன்று தலைமுறை வாழ்கின்றது. அங்கே ஒருவரைத் தனிமைப்படுத்துவது என்பது வெறும் சொல்லே. 2021 ஓகஸ்ட் இறுதியில் டெல்டா திரிபு உச்சத்திலிருந்தபோது நாளொன்றுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகின. அம்மரணங்களில் மிகப் பெரும்பாலானவை முதியவர்களுடையவை. அதனைப் பார்த்துக்கொண்டிருந்த தாயொருத்தி, பிள்ளைக்கு ஒன்றும் நேராது என்ற வைத்தியரின் வார்த்தையைக் கேட்டு ஆறுதலடைய முடியுமா?

மற்றொரு குழப்பமும் இருந்தது. தடுப்பூசியைப் பொறுத்தவரையில், விசேட தேவையுடைய மற்றும் நாட்பட்ட நோயுள்ள 12 வயதிற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 2021 செப்டெம்பர் 24 ஆம் திகதியே வழங்கல் ஆரம்பமானது. உயர் வகுப்பு மாணவர்களுக்கு அதன் பின்னரே படிப்படியாகக் கிடைத்தது. ஆனால் பாடசாலைகள் திறக்கப்பட்டபோது முதலில் அழைக்கப்பட்டவர்கள் தடுப்பூசி பெறாத, பெறும் வாய்ப்பும் இல்லாத ஆரம்பப் பிரிவுச் சிறுவர்களாவர். தடுப்பூசி ஏற்றியவர் பாதுகாப்பானவர் என்று மாதக்கணக்காகக் கேட்டுப் பழகிய பெற்றோருக்கு இது தலைகீழான ஏற்பாடாகவே தோன்றியது. எனினும் அதில் நியாயம் இருந்தது. வயது குறைந்த பிள்ளைகளுக்கு நோயின் தாக்கம் மிகக் குறைவு. அவர்களே திரையைப் பார்த்துக் கற்க இயலாதவர்கள். எழுத்தும் எண்ணும் அறியும் வயது தவறினால் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம். சிறிய பாடசாலைகளில் இடைவெளி பேணுவதும் எளிது. இத்தனை நல்ல காரணங்கள் இருந்தும், அவற்றை எளிய தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமாக அச்சிட்டு வீடுகளுக்கு அனுப்பிவைக்க எவரும் முன்வரவில்லை. தொற்றிலிருந்து மீண்ட சில பிள்ளைகளுக்கு வாரங்கள் கழித்து ஏற்படும் கடும் அழற்சி நோய் பற்றிய செய்திகள் மாத்திரம் எல்லோரையும் எட்டின. அந்நோய் அரிதானது என்பதும், உரிய காலத்தில் சிகிச்சையளித்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியது என்பதும் அதே வேகத்தில் எட்டவில்லை.

இங்கு நம்பிக்கை என்ற விடயத்தைத் தவிர்த்துவிட்டு மேலே செல்ல இயலாது. தொற்றுக்கு அஞ்சியது போலவே, தொற்று உறுதிசெய்யப்பட்டால் அதன் பின்னர் என்ன நடக்கும் என்பதற்கும் மக்கள் அஞ்சினர். தொலைதூரத்திலுள்ள தனிமைப்படுத்தல் நிலையங்களுக்கு நள்ளிரவில் குடும்பம் குடும்பமாக ஏற்றிச் செல்லப்பட்ட காட்சிகளும், சீருடைப் படையினரின் மேற்பார்வையும் வடக்கு கிழக்கு மக்களுக்கு வேறு நினைவுகளைக் கிளறின. முஸ்லிம் மக்களின் வேதனை அதனிலும் ஆழமானது. 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தலின்படி தொற்றினால் உயிரிழந்தோர் அனைவரினதும் உடல்கள் தகனம் செய்யப்பட்டன. நல்லடக்கம் செய்வதால் நோய் பரவாது என உலக சுகாதார நிறுவனம் தெரிவித்திருந்தும் அது மாற்றப்படவில்லை. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அத்தீர்மானம் கைவிடப்பட்டு, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் ஜனாசாக்களை நல்லடக்கம் செய்ய இடமளிக்கப்பட்டது. அதற்குள் 270 இற்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டுவிட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது குறிப்பிடத்தக்கது.

இதற்கும் பாடசாலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நேரடியானது. பாடசாலையில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பரிசோதனை. பரிசோதனையில் தொற்று உறுதியானால் வீட்டார் அனைவருக்கும் பரிசோதனை. வீட்டிலுள்ள முதியவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அவரது உடலுக்கு என்ன ஆகும் என்ற அச்சம். இச்சங்கிலியை மனதில் வைத்தே பல பெற்றோர் தீர்மானித்தனர். அது நோய் பற்றிய அறியாமையின் விளைவென்று கூறுவது அநீதியாகும். மரணித்தவரை மதிக்காத ஏற்பாடொன்றை நம்பி உயிருள்ள பிள்ளையை ஒப்படைக்க எவருக்குத்தான் மனம் துணியும்? சுகாதாரத் துறையில் இழைக்கப்பட்ட தவறொன்றின் விலையைக் கல்வித் துறையும் செலுத்த நேர்ந்தது. ஓரிடத்தில் முறிந்த நம்பிக்கை அவ்விடத்தோடு நின்றுவிடுவதில்லை.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். அனுப்பாதிருப்பதற்கும் ஒரு விலை இருந்தது. அவ்விலை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. பாடசாலைகளுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது இணையவழிக் கல்வியாகும். தொலைக்காட்சி வழியாகவும் பாடங்கள் ஒளிபரப்பாகின. ஆயின் அக்காலப் பகுதியில் நாட்டின் குடும்பங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலேயே கணினி இருந்ததெனத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தரவுகள் காட்டுகின்றன. தோட்டத்துறையில் அவ்வீதம் இதனிலும் மிகக் குறைவு. ஒரு வீட்டில் ஒரேயொரு கையடக்கத் தொலைபேசி. அதுவும் வேலைக்குச் செல்லும் தந்தையிடம். மாலையில் அவர் திரும்பிய பின்னர் மூன்று பிள்ளைகளும் முறைவைத்து வட்ஸ்அப்பில் வந்த பயிற்சித் தாள்களின் படங்களைப் பார்த்து எழுதினர். மலையகத்திலும் தொலைவிலுள்ள கிராமங்களிலும் அலைவரிசை தேடி மாணவர்கள் குன்றுகளிலும் பாறைகளிலும் மரங்களிலும் ஏறி அமர்ந்திருந்த படங்கள் பத்திரிகைகளில் வெளியாகின. அதன் மேல், 2021 ஜூலை 12 ஆம் திகதி முதல் சம்பள முரண்பாட்டுக்குத் தீர்வு கோரி ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். அவர்களது கோரிக்கையில் நியாயம் இருந்ததென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒக்டோபர் வரை நீடித்த அந்த மூன்று மாதங்களில் வசதி குறைந்த பிள்ளையிடம் எஞ்சியிருந்த அந்தச் சிறு இழையும் அறுந்தது.

ஆகவே இரு வீடுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. முதலாவது வீட்டில் தாயும் தந்தையும் உத்தியோகத்தர்கள். தனியறை, மடிக்கணினி, தடையற்ற இணையம், ஸூம் வழியாகப் பிரத்தியேக வகுப்பு. அங்கே பிள்ளையை அனுப்பாதிருப்பது எச்சரிக்கையான ஒரு தீர்மானம். இரண்டாவது வீட்டில் தாய் கொழுந்து பறிப்பவர், அல்லது தந்தை அன்றாடம் கடலுக்குச் செல்பவர். அங்கே பிள்ளையை அனுப்பாதிருப்பது படிப்பு முற்றாக நின்றுபோவதாகும். பாடசாலையில் கிடைத்துவந்த மதிய உணவும் நின்றுவிடுகின்றது; அக்காலத்தில் இந்நாட்டில் ஏறத்தாழ பத்து இலட்சம் பிள்ளைகள் அவ்வுணவைப் பெற்றுவந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. தாய் வேலைக்குச் செல்லும் வேளையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பதினான்கு வயதுப் பையன் கடைக்கோ கட்டட வேலைக்கோ செல்லத் தொடங்குகின்றான். கையில் காசு கண்டவன் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்புவது அரிது. இவ்விரு வீடுகளும் எடுத்தது ஒரே தீர்மானந்தான் என எழுதிவைக்கும் புள்ளிவிபரம் எதையும் விளக்குவதில்லை.

உலகின் ஏனைய நாடுகளும் இதே கேள்வியை எதிர்கொண்டன. 2020 ஏப்ரலில் 190 இற்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்ததாக யுனெஸ்கோ கணித்தது. ஐரோப்பாவில் முதலாவதாகப் பாடசாலைகளைத் திறந்த நாடுகளுள் ஒன்றான டென்மார்க், 2020 ஏப்ரல் நடுப்பகுதியில் மிகச் சிறிய பிள்ளைகளையே முதலில் அழைத்தது. எமது பிள்ளைகள் பரிசோதனைக்குரியவர்கள் அல்லர் என அங்கும் ஆயிரக்கணக்கான பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வகுப்புகள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, கைகழுவுதலும் திறந்தவெளிப் பாடங்களும் நடைமுறைக்கு வந்தன. பெற்றோர் அவற்றைக் கண்டனர். தொற்று பெருகவில்லை என்ற தரவும் வெளியிடப்பட்டது. அச்சமும் தணிந்தது. மறுபுறம் பங்களாதேஷ் ஏறத்தாழ பதினெட்டு மாதங்களின் பின்னர் 2021 செப்டெம்பரிலேயே பாடசாலைகளை மீண்டும் திறக்கத் தொடங்கியது; உகண்டா ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின்னர் 2022 ஜனவரியிலேயே அவற்றை முழுமையாகத் திறந்தது. செல்வந்த நாட்டின் வசதிகள் எம்மிடம் இல்லை என்பது உண்மையே. ஆனால் செய்வதைப் பெற்றோருக்குக் காட்டுவதற்கும் தரவை மறைக்காது வெளியிடுவதற்கும் பெருஞ்செல்வம் தேவைப்படுவதில்லை.

அப்படியாயின் தீர்மானிக்க வேண்டியவர் யார்? நோய் பற்றி அறிந்தவர்கள் நிபுணர்களே. எனவே அரசாங்கம் தீர்மானிக்க, பெற்றோர் அதனைப் பின்பற்ற வேண்டும் என்பது ஒரு வாதம். பிள்ளை பெற்றோருடையது; எனவே முடிவும் அவர்களுடையதே என்பது மறுவாதம். இவ்விரண்டிலும் பாதி உண்மையே உள்ளது என்பது எமது கருத்தாகும். ஒரு பிரதேசத்தில் தொற்று எந்த அளவில் உள்ளது, பாடசாலையில் நீர் உள்ளதா, சன்னல்கள் திறக்கின்றனவா, ஆசிரியர்கள் தடுப்பூசி பெற்றுள்ளனரா, பிள்ளைகள் நெருக்கியடித்துச் செல்லும் வானுக்கும் முச்சக்கரவண்டிக்கும் மாற்று ஏற்பாடு என்ன என்பவற்றை எந்தவொரு தாயும் தனித்து அறிய முடியாது. அவற்றை அறிவதும் சீர்செய்வதும் அறிவிப்பதும் அரசின் கடமையாகும். மறுபுறம், தன் பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டு, வீட்டில் டயலிசிஸ் செய்துகொள்ளும் பாட்டனார் இருக்கின்றார் என்பதைப் பெற்றோரைவிட நன்கறிந்த நிபுணர் எவருமில்லை. பாடசாலையின் பாதுகாப்பு பற்றிய தீர்மானம் அரசுக்குரியது. தன் வீட்டின் நிலை பற்றிய தீர்மானம் பெற்றோருக்குரியது. முதலாவதை அரசு செய்யாதபோது இரண்டின் பாரமும் பெற்றோரின் தலையிலேயே விழுகின்றது. அன்று நடந்தது இதுவேயாகும்.

அதன் விளைவு நெடுங்காலம் நீடித்தது. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் 3 ஆம் தர மாணவரிடையே மேற்கொள்ளப்பட்ட தேசிய மதிப்பீட்டில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே வாசிப்பிலும் எழுத்திலும் குறைந்தபட்சத் தேர்ச்சியை எட்டியிருந்தனர். கணிதத்தில் அவ்வாறு எட்டியவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. 2020 ஜனவரியில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை, அகரம் எழுதக் கற்றுக்கொண்டிருந்த வேளையில் வகுப்பறையிலிருந்து வெளியேறியது. அப்பிள்ளையின் முதலிரு ஆண்டுகளும் தொற்றினாலும், மூன்றாம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியினாலும் சிதைந்தன. பின்னர் 2024 செப்டெம்பரில் அதே பிள்ளை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமர்ந்தபோது, வசதியுள்ள வீட்டிலிருந்து வந்த பிள்ளையுடன் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுத வேண்டியிருந்தது. 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கனவு கண்ட சமவாய்ப்பு, இவ்விடத்திலேயே பொருளிழக்கின்றது.

ஊடகங்களாகிய எமக்கும் இதில் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாளாந்தம் தொற்றாளர் தொகையையும் மரணத் தொகையையும் முதற்பக்கத்தில் பெரிதாக வெளியிட்டோம். பெற்றோருக்குத் தேவையாயிருந்தவை வேறு. எந்த வயதினர், எந்தப் பிரதேசத்தினர், திறந்த பாடசாலைகளில் உண்மையில் எத்தனை பேருக்குத் தொற்று ஏற்பட்டது, அது எங்கிருந்து வந்தது போன்ற விபரங்களைக் கேட்டுப் பெறுவதில் நாம் போதிய அக்கறை காட்டவில்லை. சந்தைக் கொத்தணிகளைப் பற்றி எழுதுகையில் ஊர்களுக்கும் சமூகங்களுக்கும் களங்கம் ஏற்படும் வகையில் எழுதியோரும் எம் துறையினருள் இருந்தனர். அக்களங்கத்துக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்த்தவர்களைக் குறைகூறுமுன், அவர்களை அஞ்சவைத்தவர்கள் யாவர் என்பதையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அடுத்த முறை இதே நிலை வருமுன் செய்யப்பட வேண்டியவை சிலவற்றைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். முதலாவதாக, திறப்பதும் மூடுவதும் முழு நாட்டுக்கும் ஒரே உத்தரவாக இருத்தலாகாது. அரச பாடசாலைகளுள் ஏறத்தாழ அரைவாசி இருநூறு மாணவருக்குக் குறைந்தவை. தொற்றில்லாத ஒரு கிராமத்தின் அறுபது பிள்ளைகளைக் கொண்ட பாடசாலையை, கொழும்பின் நாலாயிரம் பேர் கற்கும் கல்லூரியுடன் சேர்த்து மூடிவைத்ததற்கு நியாயமில்லை. அதிபர், பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெற்றோர் பிரதிநிதிகள் ஆகியோர் கூடி, தத்தமது பாடசாலை குறித்து முடிவெடுக்கும் அதிகாரம் முன்கூட்டியே எழுத்தில் வழங்கப்பட வேண்டும். பெற்றோர் அக்கூட்டத்தில் இருக்கும்போதே தகவலும் வீடுகளைச் சென்றடையும்.

இரண்டாவதாக, அனுப்பிய பிள்ளையும் அனுப்பாத பிள்ளையும் தண்டிக்கப்படலாகாது. வீட்டில் நோயாளி இருப்பதனால் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு, வாரந்தோறும் அச்சிட்ட பாடத் தாள்கள் கிடைக்க வேண்டும். தொலைபேசி இல்லாத வீட்டுக்கு அத்தாளே வகுப்பறையாகும். பெருந்தொற்றின்போது சில ஆசிரியர்கள் தமது சொந்தச் செலவில் இதனைச் செய்தனர். தனிமனிதரின் நற்பண்பில் தங்கியிருந்த அப்பணி ஒரு முறைமையாக ஆக்கப்படுவது அவசியம். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், வாசிகசாலை ஆகியவற்றின் மண்டபங்களும் நிர்வாக சபைகளும் இதற்கு உதவ முடியும். மக்கள் அவற்றை நம்புகின்றனர். அந்நம்பிக்கை ஒரு வளமாகும்.

மூன்றாவதாக, தொற்றில்லாத இக்காலத்திலேயே பாடசாலைகளைச் சீர்செய்ய வேண்டும். நீர்க்குழாய், சுத்தமான மலசலகூடம், காற்றோட்டமுள்ள வகுப்பறை என்பன பெருந்தொற்றுக்கு மாத்திரம் உரியவையன்று. அவை இல்லாத பாடசாலைகள் இன்றும் உள்ளன. அவற்றுட் பல தோட்டப்புறங்களிலும் மீள்குடியேற்றப் பிரதேசங்களிலுமே உள்ளமை கவனத்திற்குரியது. 2020 ஆம் ஆண்டு கைகழுவும்படி வலியுறுத்திய சுற்றறிக்கைகள், கழுவுவதற்கு நீரில்லாத பாடசாலைகளுக்கும் அனுப்பிவைக்கப்பட்டன என்பதை அதிகாரிகள் நினைவிற்கொள்வது நன்று.

நான்காவதாக, இழந்த கல்வியை ஈடுசெய்யும் பணி இன்னமும் முடிவடையவில்லை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை மேல் வகுப்புக்கு ஏற்றப்படுவதனால் மாத்திரம் அக்குறை நீங்கிவிடாது. அப்பிள்ளையின் வயது கூடக்கூட அதனை ஒப்புக்கொள்ளும் வெட்கமும் கூடுகின்றது. ஈற்றில் பாடசாலையை விட்டு விலகுவதே அதற்கு எளிதாகத் தோன்றுகின்றது. ஒவ்வொரு பாடசாலையிலும் இத்தகைய மாணவரை இனங்கண்டு, குறைநிரப்பு வகுப்புகளை நடாத்துவதற்குத் தமிழ்மொழி மூல ஆசிரியர்களைப் போதியளவில் நியமித்தல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்றைக் கூற விரும்புகின்றோம். அன்று அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் இன்று தம்மையே நொந்துகொள்வதில் பயனில்லை. கையிலிருந்த தகவலைக் கொண்டு, பிள்ளையின் மீதுள்ள அன்பினால் எடுக்கப்பட்ட தீர்மானங்கள் அவை. ஆயின் இனிமேல் அறிவித்தலுக்காகக் காத்திருத்தல் போதாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். நீர்த்தாங்கி நிரம்பியுள்ளதா, மலசலகூடக் கதவு பூட்டுகின்றதா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் அறிவிக்கப்படுவது யாருக்கு என்பவற்றை இன்றே கேளுங்கள். இக்கேள்விகளுக்கு விடையளிக்கக்கூடிய பாடசாலைக்கு, அடுத்த முறை கதவு திறக்கும் காலையில் பிள்ளையை அனுப்பிவைப்பது இத்தனை கடினமாக இராது.